மஞ்சினி சொல்லி அனுப்பியது

ஜூன் 19, திங்கள்

முப்பத்தோரு வருடங்களுக்கு முன், எட்டாம் வகுப்பில், இரண்டு அரசர்கள் மோதிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எந்த ஆண்டு, எந்த இடம், வென்றது யார் என்பதெல்லாம் கரும்பலகையில் இருந்தது. கடைசி வரிசையில் தேசிங்கு எழுந்து நின்றான். "சார், அந்த ராஜா சண்டைக்குப் போனது சரியா சார்?" என்று கேட்டான். அது பரீட்சைக்கு வராது, உட்கார் என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

இன்று காலை அதே தேசிங்கு என் வீட்டுக்கு வந்தான். இப்போது எங்கள் கொம்பாடிக்குப்பத்தின் நாட்டார் அவன். ஊரின் தொண்ணூறு தலைக்கட்டும், அதாவது தொண்ணூறு குடும்பமும், அவன் வாய் பார்த்துத்தான் நடக்கும். என் மனைவி செங்கமலம் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அன்னிக்குப் பரீட்சைக்கு வராதுன்னீங்க. இன்னிக்கு வந்துடுச்சு சார். எப்ப அடிக்கலாம், எப்ப கூடாது? பசங்க கம்பிய எடுத்துட்டாங்க. நான் என்னா சொல்றது?"

நடந்தது இதுதான். சனிக்கிழமை மாலை அமிர்தராஜ் தன் ஃபைபர் படகில் தனியாக வலை விடப் போனான். வயது இருபத்தெட்டு. ஞாயிறு மதியம் படகு மட்டும் கவிழ்ந்து மிதந்தது. இடது பக்கம் பிளந்திருந்தது. பிளந்த இடத்தில் பச்சைப் பெயிண்ட் ஈஷியிருந்தது. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் உள்ள தோணித்துறைக்காரர்களின் பெரிய படகுகள் எல்லாம் பச்சை. அரசு தடை செய்த சுருக்குமடி வலை போடும் படகுகள். அதிகாரிகள் கண்ணில் படாமலிருக்க விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுவார்கள். அமிர்தராஜைக் காணவில்லை.

தேசிங்குக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு நேரம் யாரும் என்னைப் பேசவிட்டதில்லை. பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தை உடைத்தது கோவிந்தன் என்று நினைத்து அவனை அடித்தேனே, உடைத்தது காற்று என்று மறுநாள்தானே தெரிந்தது, அதனால் முதலில் கெடுதல் செய்தவன் யார் என்பது நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றேன். காலில் புண் என்று போனவனுக்கு டாக்டர் எடுத்தவுடன் காலையா வெட்டுகிறார், மாத்திரை, ஊசி, கட்டு எல்லாம் தோற்ற பிறகுதானே ரம்பம் என்றேன். தனி ஆள் கோபத்தில் கிளம்பக் கூடாது, ஊர் கூடி, சொல்ல உரிமை உள்ளவர் சொல்ல வேண்டும். கடைசியாக, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவனைச் சொன்னேன். நாம் செய்யப்போகும் கேடு, தடுக்கப்போகும் கேட்டைவிடப் பெரிதாக இருந்தால் அது முட்டாள்தனம்.

தேசிங்கு விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். "நாலு. நாலும் சரியா இருந்தா அடிக்கலாமா சார்?"

"நாலும் சரியா இருக்கவே இருக்காதுடா. அதுக்குத்தான் நாலு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மாலையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். அடியில் ஒரு சாண் சேறு.

ஜூன் 20, செவ்வாய்

அமிர்தராஜ் தெற்கே சவுக்குத் தோப்புக்கு நேராகக் கரை ஒதுங்கினான். மூன்று நாள் உப்புத் தண்ணீர். உதடும் கண்ணிமையும் நண்டு தின்றிருந்தன. பின்மண்டை உள்ளே போய், கையை வைத்தால் வைக்கலாம் போல ஒரு குழி. அவன் மனைவி வள்ளிக்கண்ணு முகத்தைப் பார்க்கவே இல்லை. அரைஞாண் கயிற்றின் முடிச்சைப் பிடித்துப் பார்த்து, நான் போட்டதுதான் என்றாள். 

நம் பையன்கள் சிலர் மெயின் ரோட்டில் தோணித்துறைக்கு ஐஸ் ஏற்றிப் போன வண்டியை மறித்து, இரண்டு பேரை அடித்தார்களாம். ஒருவனுக்குப் பல் போய்விட்டதாம். வயசு அப்படி.

செங்கமலத்துக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து. மாத்திரையை மறந்திருக்கிறாள்.

ஜூன் 21, புதன்

ஏலக்கூடத்தில் ஊர்க்கூட்டம். மீன் கழுவிய தண்ணீர் இன்னும் காயவில்லை, எல்லோரும் நின்றுகொண்டே பேசினார்கள். தேசிங்கு என் நாலையும் சொன்னான். வாத்தியார் சொன்னது என்று சொல்லித்தான் சொன்னான். ஊர் கூடியிருக்கிறதா, கூடியிருக்கிறது. நாளைக்கு இன்னொருத்தன் சாகாமல் தடுக்க வேண்டுமா, வேண்டும். பச்சைப் பெயிண்ட் இருக்கிறதா, இருக்கிறது. என் இரண்டாவதை, மற்ற வழியெல்லாம் பார்த்தாயிற்றா என்பதைக் கேட்கும் முன்பே கம்பிகள் தரையில் தட்ட ஆரம்பித்துவிட்டன.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊர் சண்டைக்குக் கிளம்பும் முன் எந்தத் தலைக்கட்டும் எழுந்து தவணை கேட்கலாம். கேட்டால் மூன்று நாள் ஊர் பொறுக்க வேண்டும். ஆனால் கேட்டவன்தான் எதிர் ஊருக்குப் போய்ப் பேச வேண்டும். மூன்றாம் நாள் அவன் வந்து சொல்வதுதான் கணக்கு. அதற்கு மேல் அந்த விஷயத்தில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. என் அப்பா காலத்தில் ஒரு முறை கேட்டார்களாம். அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

நான் எழுந்து கேட்டேன்.

அமிர்தராஜின் மாமன் அஞ்சப்பன் என் முன்னால் வந்து நின்றான். "சாருக்கு என்னா, புள்ள பத்திரமா இருக்குது. மூணு நாளு பொணத்த ஐஸ்ல வைக்கலாமா சார், அதுக்கும் ஒரு உதாரணம் சொல்லுங்க" என்றான். சிலர் சிரித்தார்கள். தேசிங்கு கையைத் தூக்கினான். தவணை கொடுத்தாயிற்று. சனிக்கிழமை மாலை வரை.

என் மகன் இளவழகன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் பக்கத்திலேயே நடந்தான்.  வீட்டு வாசலில், நல்லது செய்தீங்கப்பா என்றான்.

ஜூன் 22, வியாழன்

சண்டைப் பயத்தில் கழிமுகத்தைக் கடக்கும் படகு நின்றுவிட்டது. பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போனேன். படகில் பத்து நிமிடம், பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம்.

தோணித்துறை நாட்டார் மஞ்சினி. அவனும் என்னிடம் படித்தவன். பள்ளிக்கூடம் இரண்டு ஊருக்கும் பொது. இந்த வருடம் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். மஞ்சினியும் தேசிங்கும் ஒரே பெஞ்சு. ஏழாம் வாய்ப்பாடு கடைசி வரை இரண்டு பேருக்கும் வரவே இல்லை.

தெருவில் எல்லோரும் கதவை மூடினார்கள். மஞ்சினி மட்டும் வந்து என் பையை வாங்கிக்கொண்டான். ஒரு செம்பு மோர் கொடுத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே சொன்னான். டிரைவர் கலியன் ஞாயிறு விடியற்காலை திரும்பி வந்தபோது படகு முகப்பில் பள்ளம் இருந்தது. மரக்கட்டையில் இடித்தது என்றானாம். இருபது மணி நேரம் தூங்காமல் ஓட்டியிருக்கிறான். பிணம் ஒதுங்கியது தெரிந்ததும் மாமியார் ஊருக்கு ஓடிவிட்டான்.

"ஒளிச்சு வச்சேன்னு நெனைக்காதீங்க சார். ஆளு அனுப்பியிருக்கேன். சனிக்கிழமை ராத்திரிதான் வந்து சேருவான். எங்க ஆளுங்களயும் ஒக்கார வச்சுப் பேசணும், ஐஸ் வண்டி விசயத்துல கொதிச்சுக் கெடக்கறானுவ."

ஊருக்கு என்ன சொல்ல என்று கேட்டேன். மூன்று விஷயம் சொன்னான். சொல்லிவிட்டு, பழைய குறும்பு முகத்தில் வந்தது.

"எங்க, ஒப்பிச்சுக் காட்டுங்க சார். எங்கள எத்தினி தடவ ஒப்பிக்க வச்சீங்க."

ஒப்பித்தேன். ஒன்று, இடித்தது எங்கள் படகுதான். இரண்டு, ஞாயிறு காலை விடிந்ததும் கலியனை நானே படகில் கூட்டிவந்து உங்கள் ஊர் முன்னால் நிறுத்துகிறேன், அவன் வள்ளிக்கண்ணு காலில் விழட்டும், அப்புறம் போலீசு. மூன்று, சுருக்குமடி இனி கழிமுகத்துக்குத் தெற்கே வராது, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்.

"நூத்துக்கு நூறு" என்றான்.

சனிக்கிழமையோடு தவணை முடிகிறது. ஊரிடம் இன்னும் ஒரே ஓர் இரவு கேட்க வேண்டும், அவ்வளவுதான். கொடுப்பார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண் அசந்துவிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு நல்ல தூக்கம்.

ஜூன் 23, வெள்ளி

இளவழகன் டவுன் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டு போனான். தோணித்துறை ஆட்கள் ஐந்து பேர். ஐஸ் கட்டியை இழுக்கும் இரும்புக் கொக்கி.

இடது கண்.

ஜூன் 24, சனி, காலை

அரசு மருத்துவமனையில் இரவெல்லாம் நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். கண்ணை எடுத்துவிட்டார்கள். கன்னத்து எலும்பும் உடைந்திருக்கிறது. மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்டது, கொக்கி இன்னும் உள்ளே இருக்கிறதா என்று. செங்கமலம் அவன் காலைப் பிடித்தபடி இருக்கிறாள். அவள் சர்க்கரை மாத்திரை போடவில்லை, நான் கவனிக்கவில்லை.

பிடித்துக்கொண்டது இரண்டு பேர், அடித்தது மூன்று பேர் என்று மார்க்கெட்டில் பார்த்தவர்கள் சொன்னார்கள். யார் வம்புக்கும் போகாத பையன். நாம் ஒன்றும் செய்யாதபோது வந்து அடித்திருக்கிறார்கள்.

மருந்துக் கடையில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் என்னை உட்காரச் சொன்னார்.

ஜூன் 24, சனி, மாலை

கூட்டம் முடிந்தது. ஏலக்கூடம் நிரம்பி வெளியே மணலிலும் ஆட்கள்.

தேசிங்கு முறைப்படி கேட்டான். "மஞ்சினி என்னா சொன்னான் சார்?"

"இடிச்சது தன் ஊர்ப் படகுதான்னு ஒத்துக்கிட்டான்."

அதற்குப் பிறகு யார் பேசுவது யார் காதிலும் விழவில்லை. முதல் விதி நிறைவேறியது. போய்ப் பேசியாயிற்று, பதிலுக்கு வாத்தியார் பிள்ளையின் கண்ணை எடுத்தார்கள், ஆகவே இரண்டாவதும் நிறைவேறியது என்று தேசிங்கு சொன்னான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். மற்றதைச் சொல்ல அங்கே இடமில்லை, அவ்வளவு சத்தம்.

தலைக்கட்டுக்கு ஓர் ஆள். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். தோணித்துறைப் பெரிய படகுகளைக் கரையிலேயே வைத்துக் கொளுத்துவது, எதிர்ப்பவனை அடிப்பது. பெண்கள், குழந்தைகள் மேல் கை வைக்கக் கூடாது. இதைத் தேசிங்கு இரண்டு தடவை சொன்னான்.

என் தலைக்கட்டில் இளவழகன் மருத்துவமனையில் கிடக்கிறான். அறுபத்தேழு வயது ஆளுக்கு விலக்கு உண்டு என்றார்கள். வருகிறேன் என்றேன்.

ஜூன் 26, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன். வரிசையாக எழுத வேண்டும்.

பதினெட்டுப் படகுகள். நான் மூன்றாவது படகில் இருந்தேன், அஞ்சப்பனோடும் இன்னும் மூன்று பேரோடும். எல்லோருக்கும் இரும்புக் குழாய் கொடுத்தார்கள். என்னால் குழாயைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை என்று பார்த்து, படகில் இருந்த துடுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஒருவன், சார் பிரம்பு எடுத்துட்டார்டா என்றான். சிரித்தோம்.

வானம் வெளுக்கும்போது கழிமுகத்துக்கு நேரே வந்துவிட்டோம். எதிரே சின்னப் பச்சைப் படகு ஒன்று தனியாக வந்தது. இரண்டு பேர். ஓட்டி வந்தவன் வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி. எங்களைப் பார்த்ததும் படகை வளைத்துத் திருப்பினான். முழுதாகத் திருப்பியிருந்தால் தப்பியிருப்பான், அவன் இஞ்சின் புதியது. பாதி திரும்பியவன் கையைப் புருவத்தின் மேல் வைத்து எங்கள் படகைப் பார்த்தான். பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்தான்.

எழுந்து நின்று, "சார்" என்று கூப்பிட்டான்.

நிறுத்துங்கள் என்று கத்தினேன். பதினெட்டு இஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

முதல் படகு நடுவில் ஏறியது. ஃபைபர் உடைவது பெரிய எலும்பு உடைவது மாதிரி கேட்டது. கூட வந்த கலியன் படகுக்குள்ளேயே விழுந்தான். கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். குழாய்கள் இறங்கின. கை விழுந்த பிறகும் இறங்கின. அடிக்கிற சத்தம் முதலில் கட்டையில் அடிக்கிற மாதிரி இருந்தது, பிறகு ஈர மணலில் அடிக்கிற மாதிரி. அமிர்தராஜ் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். இவன்தான் இடித்தவன் என்று அவர்களுக்குத் தெரியாது.

மஞ்சினி தண்ணீரில் விழுந்து, நீந்தி, எங்கள் படகின் விளிம்பைப் பிடித்தான். நான் உட்கார்ந்திருந்த பக்கம். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. எட்டு விரல் விளிம்பில் இருந்தது. யாரோ துடுப்பால் அந்த விரல்களில் அடித்தார்கள். விட்டுவிட்டான். அஞ்சப்பன் இஞ்சினை முடுக்கினான். படகுக்கு அடியில் ஒரு முறை தட்டியது. பின்னால் தண்ணீர் சிவப்பாக வந்தது.

பிறகு கரை. பெரிய படகுகள் நாலு எரிந்தன. டீசல் கேன் ஒன்று வெடித்துத் தீ கூரைகளுக்குப் போனது. ஏழு வீடுகள். ஒரு வீட்டுக்குள் படுக்கையில் கிடந்த கிழவரை யாரும் நினைக்கவில்லை. அவரை அந்த ஊர்க்காரர்கள் வெளியே இழுத்துவந்தபோது தோல் பாயோடு வந்தது. அஞ்சப்பன் வயிற்றில் மீன் வெட்டும் கத்தி இறங்கியது. குடலைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு படகு வரைக்கும் நடந்து வந்தான். கொம்பாடிக்குப்பம் வருவதற்குள் போய்விட்டான்.

பெண்கள் மேல் கை வைக்கவில்லை என்று திரும்பி வந்ததும் சொன்னார்கள். அது உண்மை.

ஜூன் 27, செவ்வாய்

போலீஸ் வந்தது. என்னைத் தவிர ஆண்கள் யாரும் ஊரில் இல்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஓர் இளம் எஸ்.ஐ., "சார், நீங்க ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 28, புதன்

துடுப்பைக் கழுவினேன்.

ஜூன் 29, வியாழன்

வள்ளிக்கண்ணு வந்தாள். செங்கமலம் மருத்துவமனையில். நான் தனியாகக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கலியன் மேலதான் தப்புன்னு இப்ப சொல்றாங்க. அவன் அந்தப் படகுல எங்க போனான் சார்?"

தெரியவில்லை என்றேன்.

"என்னைய ஒரு வார்த்த யாரும் கேக்கல. பொணத்துக்குச் சொந்தக்காரி நான். அவன் மூஞ்சியப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு வச்சிருந்தேன். இடிச்சப்ப அவரு உசுரோட இருந்தாரா, கூப்புட்டாரா, காதுல உளுந்துதா. அதத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருந்தான். அவனையும் கொன்னுட்டீங்க."

கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அவள் போகும்போது அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 1, சனி

மருத்துவமனையில் இளவழகன் ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வார்டில், தீயில் வெந்த தோணித்துறைப் பெண் ஒருத்தி. அவளுடைய மாமனாரைத்தான் பாயோடு இழுத்தார்கள். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த வேதநாயகி. வணக்கம் சொல்லக் கையைத் தூக்கப் பார்த்தாள், கட்டு விடவில்லை.

வாழைப்பழம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 2, ஞாயிறு

தேசிங்கு சவுக்குத் தோப்பில் ஒளிந்திருக்கிறான் என்று அவன் மனைவி சொல்லி, சோறு கட்டிக் கொடுத்தாள். மதிய வெயிலில் நடந்து போனேன். தாடி வளர்ந்திருந்தது. சோற்றைப் பிரிக்கவில்லை.

"நாளைக்கு சரண்டர் ஆகலாம்னு இருக்கேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். நாலும் சரியாத்தான இருந்துது?"

சோற்றுப் பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளினேன்.

"அவன் ஓடியிருக்கலாம் சார். ஏன் இஞ்சின அணைச்சான்? கலியன ஏன் கூட வச்சிருந்தான்? வெள்ளச் சட்ட எதுக்குப் போட்டான்? கண்ண மூடினா அந்தச் சட்டதான் வருது. ஒரே பெஞ்சு சார் நாங்க."

சொன்னேன். மஞ்சினி சொன்ன மூன்றையும், அவன் என்னை ஒப்பிக்க வைத்ததையும். சொல்லும்போது வரிசை மாறவில்லை, ஒரு வார்த்தை விடவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவன் மணலைக் கையில் அள்ளி, விட்டு, அள்ளி, விட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு நாள்தான சார் கேட்டிருக்கணும். குடுத்திருப்பேன். பசங்க என்னைய மென்னிருப்பானுவ, ஆனா குடுத்திருப்பேன்."

"இளவழகன் கண்ணுடா."

"ஆமாம்" என்றான். கையில் இருந்த மணலைத் தட்டிவிட்டு, "உங்க பேரு என் வாயில வராது சார். ஊருல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சவன் மூணு பேரு, ஒருத்தன் தண்ணில போயிட்டான். நீங்க இந்த வயசுல ஜெயிலுக்குப் போயி என்னா ஆவப் போவுது" என்றான்.

நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

ஜூலை 3, திங்கள்

தேசிங்கு சரணடைந்தான். சண்டைக்கு ஊரைக் கிளப்பியது தான் ஒருவன்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம்.

ஜூலை 4, செவ்வாய்

நாற்பது வருடம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தினேன். இதைத் திருத்தவில்லை. இன்று உட்கார்ந்து திருத்துகிறேன்.

ஜூன் 24 காலையில், நாம் ஒன்றும் செய்யாதபோது வந்து அடித்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். தவறு. ஐஸ் வண்டியில் பல் போனவனின் அண்ணன்தான் கொக்கி பிடித்தவன். மார்க்கெட்டில் அன்றே சொன்னார்கள்.

அன்று மாலை, மற்றதைச் சொல்ல இடமில்லாத சத்தம் என்று எழுதியிருக்கிறேன். தவறு. சத்தம் வந்தது. தேசிங்கு கையைத் தூக்கி அதை அடக்கினான். முழுதாக அடங்கிய பிறகு என்னைப் பார்த்து, வேற ஏதாச்சும் சொல்லி அனுப்பிச்சானா சார் என்று கேட்டான். கேட்டுவிட்டுக் காத்திருந்தான். கடல் சத்தம் மட்டும் கேட்டது. எம் பையன் கண்ண போய்ப் பாரு, அதான் அவன் சொல்லி அனுப்பிச்சது என்றேன். தவணை கேட்டவன் சொன்ன பிறகு வேறு யாரும் பேசக் கூடாது. பேசவில்லை.

நான் பொய் சொல்லவில்லை என்று பத்து நாளாக எனக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றில் ஒன்றைச் சொன்னால் மூன்றில் ஒரு பங்கு உண்மை என்று கணக்கு வராது. சோடாப் புட்டியில் மூடியை மட்டும் கொடுத்தால் தாகத்தில் மூன்றில் ஒரு பங்கு தீருமா.

ஜூன் 26இல், கத்தினேன் என்று எழுதியிருக்கிறேன். தவறு. வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததால்தான் அவன் இஞ்சினை அணைத்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அதே நாளில், யாரோ துடுப்பால் அடித்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் படகில் துடுப்பு ஒன்றுதான் இருந்தது.

செங்கமலத்திடம் காலையில் இதைப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள். "இளவழகனுக்கு நான் சொல்லிக்கறேன். நீங்க சட்டைய மாத்திக்கிட்டுக் கெளம்புங்க" என்றாள். எனக்கு ஒரு வாரத்துக்கு மாத்திரையும் கட்டி வைத்திருக்கிறாள்.

முதலில் ஏலக்கூடத்தில் பெண்களைக் கூட்டி இதைப் படிக்கப் போகிறேன். வள்ளிக்கண்ணுவை முன்னால் உட்காரச் சொல்லியிருக்கிறேன். பிறகு போலீஸ் ஸ்டேஷன். நோட்டு அங்கே தங்கிவிடும் என்பதால், இனிமேல் இதைப் படிக்கப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. வக்கீலாக இருக்கலாம். என் பழைய மாணவராக இருக்கலாம். எங்கேயாவது ஓர் ஊருக்கு நாட்டாராகவும் இருக்கலாம். சண்டைக்குப் போவது எப்போது சரி என்று நான் சொன்ன நாலு விதியும் தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. விதிகள் நன்றாகத்தான் இருந்தன. அவற்றுக்கு விடை எழுத வேண்டியவன் நான், பாதியை மறைத்துக்கொண்டு எழுதினேன்.

அதனால் உங்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி தருகிறேன், ஒரே ஒன்று. யாரையாவது அடிக்கலாம் என்று முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் எல்லோர் நடுவிலும் எழுந்து நின்று, எதிராளி கடைசியாகச் சொன்னதை, அவர் சொன்ன வரிசையிலேயே, ஒரு வார்த்தை விடாமல் உரக்க ஒப்பித்துப் பாருங்கள்.